குட்டியானையில் வந்த கதிரியக்கக் கழிவு

என்னை ஓர் இரும்புப் பீப்பாயில் அடைத்து, மேலே சிமெண்ட் ஊற்றி, கர்நாடகத்தில் எங்கோ கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் இறக்கிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தருமபுரி பக்கம் நல்லம்பள்ளியில் மைக்செட் கடை வைத்திருப்பவன், யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமலே மைக்கைப் பிடித்து ஊரைச் சிரிக்கவைப்பவன், ஐம்பதைத் தாண்டியவன், இதை மனதார நம்பினேன்.

கழுத்தில் தைராய்டு சுரப்பியில் புற்று. அறுத்து எடுத்துவிட்டார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தைக் கொல்ல பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்றில் கதிரியக்க அயோடின் மாத்திரை தரவேண்டும் என்றார் டாக்டர். "சாப்பிட்ட பிறகு கொஞ்ச நாளைக்கு உங்க உடம்புல இருந்து கதிர்வீச்சு வரும். சிறுநீர், வியர்வை எல்லாமே கதிரியக்கக் கழிவுதான்" என்று அவர் சொன்னபோது நான் தலையாட்டினேன். என் தலைக்குள் வேறொரு கணக்கு ஓடியது. அணுக்கழிவைப் பழைய சுரங்கத்தில் புதைக்கப்போகிறார்களாம் என்று எங்கள் டீக்கடையில் எப்போதோ ஒரு பேச்சு அடிபட்டது. தேசியக் கொள்கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கழிவு என்றால் புதைப்பார்கள். நான் கழிவு. ஆகவே என்னைப் புதைப்பார்கள்.

எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட கையோடு செத்துப்போனால் அந்த இடம் வீணாகிவிடுமே, சாமியார் பீப்பாய்க்குத் தீர்த்தம் தெளிப்பாரா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தேன். அயோடின் உப்பு கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது என்று பத்தியம் வேறு. என் மனைவி பிலோமினா எங்கோ தேடிப் பிடித்த அயோடின் கலக்காத கல்லுப்பைப் போட்டுக் களி கிண்டினாள். அதைத் தின்றவனுக்குச் சாவு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஓசூர் தாண்டினால் வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். சாம்பாரில் வெல்லம் போடுவார்கள். வழி கேட்டால் மரியாதையாகத் தப்பான வழியைக் காட்டுவார்கள். எங்கள் ஊரில் கன்னடம் பேசுகிற வீடுகள் உண்டு, ஆகையால் எனக்கும் சண்டை போடுகிற அளவுக்குக் கன்னடம் தெரியும். ஆட்டோக்காரரிடம் அது போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு தனி அறையில் விட்டார்கள். கதவுக்குள் ஈயத்தகடு. பிணவறைக் கதவுகூட இவ்வளவு கனம் இருக்காது. கையில் மீட்டரோடு ஓர் அம்மா வந்தார். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். கன்னடத்தில் பேசினார், நான் தமிழில் தருகிறேன்.

"ஏதாவது கேட்கணுமா?"

"என்னை எங்கே புதைப்பீங்க?"

அவர் மீட்டரைக் கீழே வைத்தார். நான் விளக்கினேன். சுரங்கம், பீப்பாய், சிமெண்ட், சாமியார். அவர் சிரித்த சிரிப்பில் எதிர் அறையிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை நம் நாட்டில் அப்படியே தூக்கிப் போடுவதில்லையாம். உபயோகப்படுவதைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிஞ்சுகிற கடும் கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, உருளைகளில் அடைத்து, குளிரவைத்துப் பல வருஷம் காவல் காப்பார்களாம். பாறைக்குள் ஆழக் குழி என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறதாம். வீரியம் குறைந்த கழிவை உலை இருக்கும் வளாகத்திலேயே கான்கிரீட் அறைகளில் வைப்பார்களாம். தொழிற்சாலைகளில் கருவிகளுக்குள் இருக்கிற கதிரியக்கப் பொருள் தீர்ந்துபோனால், விற்றவனே அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

"அப்போ நான்?"

"நீங்கள் அந்த வகை எதிலும் இல்லை. உங்கள் அயோடின் எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டு நாளில் அதிலும் பாதி. இந்தக் கழிப்பறைத் தண்ணீர் தனித் தொட்டிக்குப் போகும். தொட்டி நிறைந்தால் மூடி வைப்போம். வீரியம் போனதும் அளந்து பார்த்துச் சாக்கடையில் விடுவோம். உங்களுக்குத் தொட்டியே போதும்."

எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. கண்ணாடி உருளை, காவல் என்று கேட்டுவிட்டுச் சாக்கடையில் முடிவதா?

ஈயக் குப்பியிலிருந்து நீள இடுக்கியில் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்கள். பார்த்தால் சாதாரண ஜுர மாத்திரை. விழுங்கினேன். ஒன்றும் ஒளிரவில்லை. "நிறையத் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறையில் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் மீட்டரம்மா.

நான் கோட்டைவிட்டது இங்கேதான்.

தண்ணீர் லாரி வருகிற கிழமை பார்த்துக் குளித்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரத்துக்குப் போகும், பாத்திரத் தண்ணீர் முருங்கைக்குப் போகும். இரண்டு தடவை ஃப்ளஷ் என்றால் ஒரு குடும்பத்தின் ஒருவேளைத் தண்ணீர். அதோடு ஒரு நல்லெண்ணமும் சேர்ந்துகொண்டது: என்னால் அந்தத் தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடக் கூடாது, பின்னால் வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமே. ஆகவே மடக்கு மடக்காகத்தான் குடித்தேன். ஃப்ளஷைத் தொடாமல் மக்கில் பாதி மொண்டு ஊற்றினேன். ஊற்றிவிட்டு மனசுக்குள் என்னையே பாராட்டிக்கொண்டேன்.

கதவடியில் தட்டு வரும், நான் எடுத்துக்கொள்வேன். அக்கி ரொட்டி நன்றாக இருந்தது. பிஸிபேளேபாத்தைப் பார்த்தால் எங்கள் கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறியது போல இருந்தது, ருசியும் குறைவில்லை. உமிழ்நீர்ச் சுரப்பி கெடாமலிருக்க எலுமிச்சம்பழம் சப்பச் சொன்னார்கள். சுவரிலிருந்து சுவர் வரை நடந்தேன், சப்பினேன், மறுபடி நடந்தேன்.

வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நாளில் மீட்டரம்மா வாசலில் நின்று அளந்தார். முகம் மாறியது.

"குறையவே இல்லையே. தண்ணீர் குடித்தீர்களா?"

"குடிச்சேன்."

"எவ்வளவு?"

"ஒரு நாளைக்கு ஒரு சொம்பு."

"ஃப்ளஷ்?"

நான் மக்கைக் காட்டினேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கோலார் பக்கத்திலிருந்து வந்தவரும் இதையேதான் செய்தார். வறண்ட ஊர்க்காரர்களை உள்ளே விடுவதற்கு முன்னால் தண்ணீரை வீணாக்கப் பயிற்சி கொடுக்கவேண்டும். வெளியே போகவேண்டியதை உள்ளேயே சேமித்து வைத்திருக்கிறீர்கள்!"

மேற்கொண்டு தங்கவேண்டியதாயிற்று. இந்தத் தடவை வெறிபிடித்தவன் மாதிரி குடித்தேன். காவிரிக்காக இரண்டு மாநிலமும் எத்தனை வருஷமாக மல்லுக்கட்டுகின்றன! நான் அவர்கள் காவிரியைக் குடம் குடமாகக் குடித்து அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். அதையும் தொட்டியில் மூடி வைத்துக்கொண்டார்கள்.

விடும்போது மீட்டரம்மா விரலை நீட்டிச் சொன்னார். "பஸ்ஸில் போகக்கூடாது. மூன்று வாரம் குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கமே போகக்கூடாது. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா?"

இருந்தாள். என் ஒரே மகள் ஜெனிட்டா. தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவந்து வீட்டில்தான் வைத்திருந்தோம். மறுவாரம் வளைகாப்பு. முதலில் சொன்ன நாளில் வெளியே வந்து, கெடுவும் குறைவாக இருந்திருந்தால் பந்தலின் ஓரத்திலாவது உட்கார்ந்து பார்த்திருப்பேன். மக்குத் தண்ணீரால் அதுவும் போயிற்று.

பிலோமினாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சூட்டைக் குறைக்க, விற்றவனே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற சட்டத்தையும் சொன்னேன்.

"நல்ல சட்டமாத்தான் இருக்குது. ஆனா உங்கள என் தலையில கட்டுனவங்க யாரும் இப்ப உசுரோட இல்லியே, யாருகிட்ட திருப்பிக் குடுக்கறது?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வூட்டுக்கு வந்துடாதீங்க. சவரிய அனுப்பறேன்."

சவரிமுத்து என் மச்சினன். பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிவருகிற குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வைத்திருக்கிறான். தக்காளியை இறக்கிவிட்டு வந்தவன் என்னைப் பார்த்ததும் முன் கதவைத் திறக்கவில்லை.

"மாமா, கோச்சிக்காதீங்க. எனக்கு இன்னும் ஒரு புள்ளதான் ஆயிருக்குது. பின்னாடி ஏறிக்கறீங்களா?"

"தக்காளிய மட்டும் ஏத்துவ, மாமன ஏத்த மாட்டியா?"

"தக்காளி சும்மாதான கெடக்குது. நீங்க உள்ள கொதிச்சிக்கினு இருக்கறீங்களே."

காலிப் பெட்டிகளுக்கு நடுவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். நசுங்கிய தக்காளி வாசம், வெயில், வாயில் எலுமிச்சை. எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். சரக்கு வண்டியில் ஆள் ஏன் என்று கன்னடத்தில் கேட்டார். பொய் சொல்லத் தொண்டையில் தெம்பில்லை. அறுவைக்குப் பிறகு என் குரல் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினேன். படித்தவர் இரண்டடி பின்னால் போனார்.

"இது மாஸ்க் போட்டால் நிற்குமா?"

"நிக்காதுங்க சார்."

அவர் சவரியைப் பார்த்துச் சொன்னது இது: "சீக்கிரம் எல்லையைத் தாண்டு. அந்தப் பக்கம் போய்விட்டால் இவர் தமிழ்நாட்டுப் பிரச்சினை."

மீட்டரம்மா சொன்ன கொள்கையில் விட்டுப்போன பகுதி இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியில் உருக்கினாலும் சரி, கான்கிரீட்டில் வைத்தாலும் சரி, எல்லோருக்கும் அது பக்கத்து ஊரில் இருக்கவேண்டும்.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டயர் போனது. சவரி ஜாக்கியைப் போட, நான் உதவிக்கு இறங்க, அவன் "கிட்ட வராதீங்க, கிட்ட வராதீங்க" என்று கத்த, எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எங்களுக்குள் ஏதோ வெட்டுக்குத்து என்று எழுந்து வந்துவிட்டார்கள்.

நான் தங்க ஏற்பாடானது வத்தல்மலையில். சவரிக்குத் தெரிந்தவர் ஒருவர் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார், வீடு பூட்டிக் கிடந்தது. அடிவாரத்தில் வண்டி திரும்பும்போது சாயங்கால வெயில். பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பெண்கள் நின்றார்கள். மலைப்பாதையில் காலி வண்டி ஏறும்போது நிற்கிறவர்களை விட்டுப் போகிற வழக்கம் கிடையாது. சவரியின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. யார் ஏறுகிறார்கள் என்றுகூட அவன் பார்க்கவில்லை.

முதலில் ஓர் அம்மாள் கூடையைத் தூக்கி உள்ளே வைத்தார். அவர் பின்னால் இன்னொருத்தி, பெட்டியைப் பிடித்துக் காலைத் தூக்கினாள். நிறைமாத வயிறு.

நான் கத்த வாயைத் திறந்தேன். எலுமிச்சம்பழம் வெளியே வந்தது, குரல் வரவில்லை. அடுத்த நொடி பின்பக்கத் தடுப்பைத் தாண்டிக் குதித்துவிட்டேன். ஐம்பது வயதில் குதிக்கிற குதி அல்ல அது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலையேற்றத்தில் ஓடினேன்.

"ஏனுங்க, ஏன் ஓடறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

நான் இன்னும் வேகமாக ஓடினேன்.

அந்த அம்மாளின் குரல்தான் என்னை நிறுத்தியது. "நாங்க மலை ஆளுங்க ஏறுனா கீழ எறங்கிப்பீங்களா? ஒன்னா உக்காந்தா ஒட்டிக்குமா? காசி, கூடைய எறக்கு. நடந்தே போலாம்." யாரோ பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தால், காசியம்மாள் என்பது அந்தக் கர்ப்பிணியின் பெயர்.

என்னை அப்படி நினைத்துவிட்டார்கள். கதிர்வீச்சைவிட அது சுட்டது. ஒரு கர்ப்பிணி என்னால் மலையை நடந்து ஏறப்போகிறாள். சாலையோரக் கல்லில் ஏறி நின்று, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கீச்சிட்டேன்.

"தாயீ! தப்பு என்மேல! என் தொண்டையில ஒரு மருந்து இருக்குது! வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆவாது! நீங்க வண்டியில போங்க, நான் நடந்து வரேன்!"

காசியம்மாள் சிரித்தாள். "அத மொதல்லயே சொல்றதுக்கின்னா? பேயப் பாத்தாப்புல ஓடுனா நாங்க இன்னான்னு நெனக்கறது?"

கூடை வைத்த அம்மாள், காசியம்மாளின் மாமியார், மட்டும் விடவில்லை. "நெசமாவா தம்பி?" என்று சவரியைக் கேட்டார்.

"நெசந்தாங்க ஆத்தா. என்னையே கிட்ட வுட மாட்டேங்கறாரு" என்றான் அவன். யார் யாரைக் கிட்ட விடவில்லை என்று விவாதிக்க அது நேரமில்லை.

அவர்கள் வண்டியில் போனார்கள். நான் வளைவு வளைவாக நடந்தேன். சவரி மேலே போய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து என்னை ஏற்றுவதற்குள் மூச்சு, முட்டி, மானம் எல்லாம் போயிருந்தன. வண்டியைவிட வேகமாக என் கதை ஊருக்குள் போய்விட்டது. வீட்டை அடைந்தபோது, பிள்ளைகளை எல்லாம் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியாரின் பெயர் குப்பம்மாள். நான் தங்கிய வீட்டுக்கு எதிர்ச் சரிவில் அவர்கள் வீடு. மறுநாள் காலையில் பலாமரத்தடிக் கல்லில் ஒரு தூக்குச் சட்டி இருந்தது. சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. "மருந்துக்காரரே, எடுத்துக்கினு போங்க" என்று சரிவிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. இரண்டு வாரப் பத்தியமும் வெல்லச் சாம்பாரும் தின்ற நாக்குக்கு அந்தக் குழம்பு என்ன செய்தது என்று எழுதினால் நீளும்.

என்னால் உட்கார முடியவில்லை. மிளகுக்கொடி பார்த்தேன், காப்பிச் செடி பார்த்தேன், மேகம் வந்து வீட்டுக்குள் நுழைந்து வெளியே போவதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் நடந்துகொண்டே பார்த்தேன். சிக்னல் கிடைப்பது ஒரு பாறைமேல் மட்டும். அதில் ஏறி ஜெனிட்டாவோடு பேசுவேன்.

"ஊருல எந்தப் பொண்ணு வளைகாப்புன்னாலும் மைக்க புடிச்சி கத்தறீங்க. எனக்கு மட்டும் மலைமேல போயி குந்திக்கினீங்க" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போனில் தெரியவில்லை.

வளைகாப்பன்று விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். வழியில் பாறையேறி மீட்டரம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"தூரத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் ஒன்றும் ஆகாது. ஐந்தே நிமிஷத்தில் திரும்பிவிடுவீர்களா?"

"நிச்சயமா."

"தண்ணீர் குடித்ததாகவும் நிச்சயமாகத்தான் சொன்னீர்கள்" என்று வைத்துவிட்டார்.

கீழே சரிவில் காசியம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "எங்கங்க, புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கினு?"

சொன்னேன், எட்ட நின்றே.

"என்னப் பாத்து வண்டியவுட்டுக் குதிச்சீங்க. உங்க பொண்ணப் பாத்தா குதிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு என்னைத் தெரியும். தெருமுனையில் நிற்பேன். மைக் கீச்சிடும். வயரைச் சரிசெய்ய வாசல் வரை போவேன். யாராவது அப்பா வந்துவிட்டார் என்பார்கள். ஜெனிட்டா எழுந்து வருவாள். அதற்கு மேல் என் கால்கள் மலையேறாது.

பாறைக்குத் திரும்பினேன். பிலோமினா போனை மைக்செட் பக்கத்தில் வைத்தாள். வளையல் சத்தமும் என் ஆம்ப்ளிபையரின் இரைச்சலும் கேட்டன. எக்கோவைக் குறைக்கச் சொல்லிக் கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை.

சொன்ன தேதிக்கு முன்பே வலி வந்துவிட்டது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்தி கேட்டதிலிருந்து பாறையைவிட்டு இறங்கவில்லை. நான் என்றைக்கோ அவள் பக்கத்தில் தும்மினேனா, மாத்திரைக்கு முன்பா பின்பா என்று கணக்குப் போட்டேன். மாத்திரைக்குப் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கணக்குப் போட்டேன். குப்பம்மாள் எட்ட வந்து நின்று, "ஏறி நின்னா சீக்கிரம் பொறந்துடுமா? எறங்கி வந்து சாப்புடுங்க" என்று சத்தம் போட்டார்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று சவரிதான் சொன்னான். ஊரே போய்ப் பார்த்தது. நான் போகவில்லை.

கெடு முடிந்ததும் தக்காளி வண்டியில் பெங்களூரு போனேன். சவரி முன் சீட்டில் இடம் கொடுத்தான். மீட்டரம்மா கழுத்தருகே மீட்டரைப் பிடித்தார், பிறகு சுவரருகே பிடித்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, போய்க் குழந்தையைத் தூக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். ஜெனிட்டா குழந்தையை என் கையில் கொடுத்தாள். அது என் முகத்தைப் பார்த்து வீறிட்டது. சட்டப்படி, கொடுத்தவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.